இரண்டு தியேட்டரும் ஒன்றுதான்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் கணக்கக்கா. நோயாளிகளின் புள்ளிவிவரத்தைச் சேர்த்து, எந்த வார்டில் என்ன நடக்கிறது என்று பெரிய டாக்டருக்குச் சொல்வது அவள் வேலை. ஒப்பந்த வேலைதான். நிரந்தரம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள்.

பிரசவ ஆபரேஷனுக்கு இரண்டு தியேட்டர்கள். முதலாவதில் அந்த வருடம் இருநூறு பேரில் ஆறு பேருக்குத் தையல் சீழ் பிடித்தது. இரண்டாவதில் இருநூறுக்குப் பதினெட்டு. தற்செயலாக இருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்காகத்தான் கை-ஸ்கொயர் சோதனை இருக்கிறது. இரண்டு தியேட்டரும் ஒன்றுதான் என்றால் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வந்திருக்க வேண்டும். உள்ளது அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அது பார்க்கும். போட்டுப் பார்த்தாள். வெறும் தற்செயலில் இவ்வளவு விலகுவது ஏறக்குறைய நூற்றில் ஒரு தடவைதான் நடக்கும்.

இரண்டாவது தியேட்டர் பெரிய டாக்டர் முன்நின்று கட்டியது. தாளைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"ஏம்மா, எல்லாத்தையும் மொத்தமா ஏன் போடறீங்க? மாசம் மாசமாப் பிரிச்சுப் போடுங்க."

பிரித்தால் மாதத்துக்கு ஒன்று, இரண்டு. அவ்வளவு சின்ன எண்களில் அந்தச் சோதனைக்குக் கண் தெரியாது, எதிரில் யானை நின்றாலும் தெரியாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பன்னிரண்டு மாதமும் வித்தியாசம் இல்லை என்றே வந்தது. இரண்டு தியேட்டரும் ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கொஞ்ச நாளில் வேலை நிரந்தரமானது. வெட்கங்கெட்ட சந்தோஷம்! வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி எடுத்தாள்.

மறு வருடம் அவள் தங்கைக்கு ஆபரேஷன் என்றார்கள். இரண்டாவது தியேட்டர். கணக்கக்கா பெரிய டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"சார், என் தங்கச்சிய முதல் தியேட்டருக்கு மாத்திடுங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க?"

சிரித்தார் அந்த மனுஷன். சிரித்துக்கொண்டே மாற்றியும் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தங்கை முதல் தியேட்டருக்குள் போனாள். அங்கே போக வேண்டியிருந்த பெண்ணின் ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் இரண்டாவதின் பக்கம் திருப்பினார்கள். நிறைமாதக்காரி மிரண்டுபோய்க் கணக்கக்காவின் கையைப் பிடித்தாள்.

"என்னை ஏன்க்கா அந்தப் பக்கம் கொண்டுபோறாங்க? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லம்மா, பயப்படாதே. ரெண்டு தியேட்டரும் ஒண்ணுதான்."

இந்தத் தடவை அவளை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.