தகட்டுக்கு அந்தப் பக்கம்

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "ஷிவுத்தே, எஞ்சின் புகை உன் மண்டைக்கு ஏறிடுச்சு." ஏறவில்லை. பதினாறு வருடமாக வெல்டிங் ஜெனரேட்டரோடுதான் குப்பை கொட்டுகிறேன். அன்று காற்று இல்லை. அதனால் புகை என்னைச் சூழக்கூடாது என்று, கேபிள் எட்டுகிற கடைசித் தூரத்தில், நூறு அடி தள்ளி மெஷினை நிறுத்தியிருந்தேன். நான் முழுப் புத்தியோடுதான் இருந்தேன். நடந்தது நடந்ததுதான்.

நமீப் பாலைவனத்தில் ஒரு சுரங்கத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று கிலோமீட்டர் முடிந்திருந்தது. ஒரு சாண் அகலக் குழாய். மனிதத் தலை நுழைவதே கஷ்டம். அந்தக் கோடியைத் தகடு வைத்து நிரந்தரமாக அடைத்தாயிற்று. இந்தக் கோடி என் பக்கத்தில் திறந்து கிடந்தது. சாயங்காலம் கிளம்பும்போது மட்டும், நரியும் பாம்பும் புகாமல் இருக்க, இதன் வாயிலும் ஒரு தகட்டை வைத்து நாலு இடத்தில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்துவிட்டுப் போவோம்.

காலை 6.40. கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்திருந்தது. நீட்டிய கை தெரியவில்லை. ஹைம்போதி பெட்ரோல் வாங்க முகாமுக்குக் கிளம்பினான். எங்கள் வண்டியோட்டி, என் வயசுக்காரன். சும்மா இருக்கும் ஆளை நோண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"எஞ்சினப் போட்டுடாத மச்சான். டாங்கில கொஞ்சந்தான் கெடக்கு."

"சரி, சீக்கிரம் வா."

"ஏன், தனியா இருக்கப் பயமா? கூட உக்காந்து தாலாட்டுப் பாடட்டா?"

"போடா டேய்."

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியை எப்படிச் சொல்வது? என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது. வீட்டை விட்டு வந்து பத்து மாதம். பிள்ளைகளின் குரல்கூட மறந்துகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

ஆயில் பார்த்தேன். காற்று ஃபில்டரைக் கழற்றி மணலைத் தட்டினேன். குழாயில் துருவைச் சுரண்டி எர்த் வயரின் கிளாம்ப்பைக் கவ்வவிட்டேன். எஞ்சினைக் கிளப்பினேன். வேலை இல்லாதபோது ஓடவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? துணைக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்று நான் செய்த முதல் தப்பு அது.

அந்த மெஷினுக்கு ஒரு குணம். யாரும் பற்றவைக்காதபோது எஞ்சின் தானாகத் தணிந்து முனகும். வெல்டிங் ராடு இரும்பைத் தொட்டதும் உறுமிக்கொண்டு எழும். கையை எடுத்தால் மறுபடி தணிந்துவிடும்.

7.15. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து கம்பங்களியும் உப்புக்கண்டமும் தின்றுகொண்டிருந்தேன். ராடு பிடிக்கும் ஹோல்டர் என் கண் முன்னால் கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சின் உறுமி எழுந்தது.

சரியாக ஒரு ராடு எரிந்து தீரும் நேரம். பிறகு தணிந்தது.

ஏதோ அழுக்கு அடைத்திருக்கும் என்று, கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே பனிக்குள் மெஷினிடம் போனேன். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

7.24. மறுபடி எழுந்தது. தணிந்தது. அப்போதுதான் குழாய்க்குள் அந்தச் சத்தம்...

டக். டக். டக்.

பற்றவைத்த பிறகு சுத்தியால் கசடு தட்டுகிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். ரொம்பத் தூரத்தில், உள்ளே.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரோ இருக்கிறார்கள்! யோசிக்காமல் சுத்தியை எடுத்துக் குழாயில் மூன்று தட்டு தட்டினேன். இரண்டாவது தப்பு.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பதிலுக்கு மூன்று தட்டு. முன்பைவிடப் பக்கத்தில்.

7.31. எஞ்சின் எழுந்தது. தணிந்தது. டக். டக். டக். குழாயின் அடுத்த இணைப்பு, இன்னும் பக்கத்தில்.

7.34. அதற்கும் அடுத்த இணைப்பு.

இருப்பது ஒரே மெஷின். ஒரே கேபிள். ஒரே ஹோல்டர். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

குழாய் வாயில் குனிந்து, "யாரு?" என்றேன். மூன்று கிலோமீட்டர் வெற்றுக் குழாய். என் குரல் உள்ளே உருண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏதோ ஒன்றில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது.

7.38. ஓட முடியாது. அந்தப் பனியில் கேபிளை விட்டால் நான் திரும்பி வரவே மாட்டேன். தகட்டை எடுத்துக் குழாய் வாயில் வைத்தேன். முகமூடியை இறக்கினேன். சுற்றிலும் முழுசாகப் பற்றவைத்துவிட வேண்டும்... பெட்ரோல் தீர்வதற்குள்.

அவசரத்தில் ராடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன்.

பாதிச் சுற்று.

முக்கால் சுற்று.

எஞ்சின் இருமியது...

இன்னும் நாலு விரல் அகலம்தான்...

நின்றுவிட்டது.

முகமூடியைத் தூக்கினேன். நான் விட்ட அந்த இடுக்கில் நீல வெளிச்சம் மினுங்கியது. ஸ்ஸ்ஸ்... என்று சத்தம்.

எஞ்சின் ஓடவில்லை.

பிறகு வெளிச்சமும் போயிற்று.

கேபிளைப் பிடித்துத் தவழ்ந்து மெஷினிடம் போனேன். அதன் சூட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். என் சட்டை நனைந்திருந்தது. பனியா வேர்வையா, தெரியவில்லை. 9.50-க்கு ஹைம்போதி வந்தபோது பனி விலகியிருந்தது.

"என்னடா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

நான் குழாயைக் காட்டினேன்.

"அடப்பாவி, தகட்ட யாரு இப்ப ஒட்டச் சொன்னா? இனி நாந்தான வெட்டணும்!"

பெட்ரோல் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, இரும்பு அறுக்கும் அரவை மெஷினை மாட்டினான். நான் போட்ட பற்றவைப்புத் தையலை முழுக்க அறுத்தும் தகடு அசையவில்லை. திட்டிக்கொண்டே குழாயையே அரை முழம் தள்ளி அறுத்தான். உள்ளே யாரும் இல்லை. எதுவும் இல்லை. மறுகோடித் தகடும் வைத்தது வைத்தபடி இருந்ததாக மறுநாள் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அறுத்த துண்டைத் தூக்கி ஹைம்போதி உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தக் கேலி போய்விட்டது. துண்டை என்னிடம் நீட்டினான்.

தகட்டின் உள்பக்கத்தில் இன்னொரு தையல். ஓர் இடுக்குகூட விடாமல் முழுச் சுற்று. என் கை வேலையைவிடச் சுத்தமாக இருந்தது.

"நீ இந்தப் பக்கம் அடைச்சிருக்க," என்றான் மெதுவாக. "உள்ள இருந்தவனும் அடைச்சிருக்கான். அவன் எதப் பாத்துப் பயந்தான் மச்சான்?"

தகட்டுக்கு இந்தப் பக்கம் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.