கூப்பிடாமல் விட்ட ஒருவர்

எதிரில் இருப்பவர் ஒரு கொட்டாவி விட்டால் போதும், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். "போப்பாண்டவரே கட்டாயப்படுத்தாதேன்னு சொல்லியிருக்காரு. நான் யாரு?" என்று சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டுவார். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் உபதேசியாரம்மா. தேவாலயத்துப் பங்குச் சாமியார் போக நேரமில்லாத வீடுகளுக்குப் போய், விருப்பப்பட்டவர்களுக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லித்தருவது அவர் வேலை.

நற்செய்தியைப் பரப்பும் மறைப்பணி பற்றிப் போப்பாண்டவர் திருச்சபை முழுவதற்கும் எழுதிய சுற்றுமடல்தான் அந்தப் புத்தகம். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். நற்செய்தியை எல்லோருக்கும் சொல், யார்மேலும் திணிக்காதே என்பது அதன் சாரம். என்னிடமும் ஒருமுறை வாசித்தார், நானும் கொட்டாவி விட்டேன், எழுந்து போய்விட்டார். இப்படிப்பட்டவரிடம் கோபப்படவும் முடியாது, தப்பிக்கவும் முடியாது. அடுத்த வாரம் நானே கூப்பிட்டு மிச்சத்தைக் கேட்டேன்.

அவர் கணவர் லாரி மெக்கானிக். ஞானஸ்நானம் வாங்காதவர். ஞாயிறுதோறும் மனைவியைக் கோயிலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை மதிலோரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே ஏற்பாடுதான். "மத்தவங்களுக்குப் பிடிக்கலன்னா என்னை அனுப்பிடலாம். இவரு பாவம், எங்க போவாரு? வீட்டுக்குள்ள சொன்னாலே திணிக்கிற மாதிரி ஆயிடும்" என்பார் உபதேசியாரம்மா. திணிக்காதே என்பதை வீட்டில் அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர், எல்லோருக்கும் சொல் என்பதைத் தெருவோடு நிறுத்திக்கொண்டார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, திரும்பி வரும் வழியில் கணவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே சொன்னாராம்: "ஊரையெல்லாம் கூப்பிடுற. என்னை ஒருநாளாவது கூப்பிட்டியா?" அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் விருந்தாளிகள். மறுநாள் பட்டறையில் அவர் சுருண்டு விழுந்தார். பக்கவாதம். முதலில் பேச்சு போனது, பிறகு நினைவும் போனது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கையை விரித்துவிட்டிருந்தார். அம்மாவின் தங்கை டம்ளரில் தண்ணீரோடு நின்றாள். சாகக் கிடப்பவருக்கு யார் வேண்டுமானாலும் நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் அவர் அதை விரும்பியிருக்க வேண்டும்.

"அக்கா, ஊத்திடு. அன்னைக்கு மாமா வாய்விட்டுக் கேட்டாரே, அது போதாதா?"

"அது ஆசையா, கோவமான்னு தெரியலையேடி. அப்பவே கேட்டிருக்கணும். பாவி நான் கேக்கலையே."

"கோவமாவே இருக்கட்டும். மனுஷன் கரையேறணுமா வேணாமா?"

ஊற்றிவிடுங்களேன் என்று நானே வாயெடுத்தேன். அம்மா குனிந்து கணவரின் காதோடு, "இப்பக் கூப்பிடுறேங்க. வர்றீங்களா?" என்றார். இன்னொரு தரமும் கேட்டார். அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

தங்கை பொறுமையிழந்து டம்ளரைச் சாய்க்கப் போனாள். அம்மா உள்ளங்கையை விரித்து, கணவரின் நெற்றியை மூடிக்கொண்டார்.