இறந்துபோன வாதி

என் கட்சிக்காரர் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டிருக்கும்போதே, அவர் இறந்துபோனவர் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று தெரியும்.

கட்சிக்காரர் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் ஆகாதவர். காவி கட்டிக் கிரிவலப் பாதையில் பல வருஷம் கிடந்தார். கிட்னி கெட்டுப்போய், மழையில் படுக்க முடியாமல் ஊருக்குப் போனார். தம்பி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா கட்டிய வீட்டில் ஓர் அறை கிடைத்தால் போதும் என்றுதான் பாகப்பிரிவினை வழக்குப் போட என்னிடம் வந்தார்.

அண்ணன் முறைப்படி சந்நியாசம் வாங்கியவர் என்று தம்பி பதில் போட்டார். முறைப்படி என்றால் தனக்குத் தானே கருமாதி செய்துகொள்வது. அப்படிச் செய்தவரை இந்து சட்டம் 'சிவில் டெத்' ஆனவர் என்கிறது. மூச்சு இருக்கும், குடும்பச் சொத்தில் உரிமை இருக்காது. வெறும் காவிக்கு இது பொருந்தாது. சடங்கு நடந்ததை நிரூபிக்க வேண்டும். தம்பியிடம் அதற்கு ஒரு சாட்சியும் இல்லை. ஜெயித்துவிடுவோம் என்று நம்பினேன்.

அன்று எங்களுக்கு முந்தைய வழக்கில் வாதி ஓர் அம்மன். சட்டப்படி தெய்வம் ஒரு நபர், அதுவும் மைனர் மாதிரி. கோர்ட்தான் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மன் நிலத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று தடை உத்தரவு போட்டுவிட்டுத்தான் ஜட்ஜ் எங்களைக் கூப்பிட்டார்.

குறுக்கு விசாரணையில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று. "உங்களுக்கு நீங்களே பிண்டம் வெச்சீங்களா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். பிறகு, "வெச்சேங்க. குருநாதர் முன்னால வெச்சேன். அத்த இல்லன்னு எப்டிங்க சொல்றது?" என்றார்.

வழக்கு தள்ளுபடியானது. அப்பீல் போகலாம் என்றேன். வராண்டாவில் உட்கார்ந்து வீங்கின காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் மேடம். செத்தவனுக்குப் பசிக்குது, வலிக்குது. அதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"

அப்பீல் கெடு முடிவதற்குள் போய்விட்டார். தம்பிக்கு நானே போன் செய்தேன். "கருமாதிதான் அப்பவே முடிஞ்சிப்போச்சே மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது என் ஜூனியர்களிடம், கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றும் முன் அவருக்குப் பொய் சொல்ல வருமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த வழக்கில் நான் கற்ற பாடம் அவ்வளவுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.