தூக்கத் தெரிந்தவனுக்கு இறக்கவும் தெரியணும்

துப்பாக்கிக் காவலாளிக்குத் திருடனால் வருகிற தொல்லையைவிடக் கடைக்காரனால் வருகிற தொல்லைதான் அதிகம். நான் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நகரி ஊர்க்காரன், படிப்பு ஏழாவதோடு சரி. திருப்பதியில் ஒரு நகைக்கடை வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கிறேன். லைசென்சு என் பேரில் இருக்கிறது. அது போனால் சோறும் போச்சு. என்னைப் போலக் கால் கடுக்க வாசலில் நிற்கிறவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜரின் சைகை

நாகலாபுரத்துக்காரர் ஒருவர் வாங்கின வாரமே கொக்கி உடைந்த செயினைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையைத் தட்டிக் கத்தினார். மேனேஜர் என்னைப் பார்த்து, துப்பாக்கியை நீட்டி மிரட்டு என்று கையால் சைகை காட்டினார். கத்துகிறவனுக்கு எதிரே துப்பாக்கி நீட்டினால் குற்றவாளி நான்தான். தோளில் மாட்டியது மாட்டியபடியே போய், அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

அவர் போனதும் மேனேஜர் சொன்னது: "உன்ன வெச்சிக்கினு இருக்கிறதுக்கு வாசல்ல ஒரு பொம்மைய நிறுத்தலாம்யா."

அன்றிலிருந்து அவருக்கு வணக்கம் வைக்கும்போது கையை நெஞ்சு வரைதான் தூக்குகிறேன்.

தேர்தல் லீவு

தேர்தல் அறிவித்தால் லைசென்சு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன தேர்தலுக்கு மேனேஜர் என் கையில் ஒரு மூங்கில் தடியைக் கொடுத்தார். அதோடு நின்ற என்னை எதிர்க்கடையில் டீ போடும் அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"துப்பாக்கியே லீவுல போச்சி, நீ எதுக்குண்ணே டூட்டிக்கு வந்த?"

அருவாள்

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது. ஒரு காலையில் மேனேஜர் கையில் பையோடு ஷட்டரைத் திறந்துகொண்டிருந்தார். ஒருவன் பையைப் பிடித்து இழுத்தான். அவர் விடவில்லை. அவன் அருவாளை அவர் தலைக்கு மேல் ஓங்கினான்.

துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறி வைத்தேன். இந்த ஊரில் திருடன் எந்த பாஷைக்காரன் என்று யாருக்குத் தெரியும்? "கத்தி கிந்த பெட்டு" என்று முதலில் தெலுங்கில் சொன்னேன். அசையவில்லை. "அருவாள கீழ போடுடா, சுட்டுடுவேன்" என்றேன். போட்டான். மேனேஜர் கை தளர்ந்தது. அவன் பையோடு ஓடினான். அவனுக்கு முன்னால் மலையடிவாரத்து அலிபிரிக்குப் போக ஆட்டோவுக்கு நிற்கிற கூட்டம், எனக்குத் தெரிந்தது அவன் முதுகு மட்டும். குழலைத் தரைக்கு இறக்கினேன்.

கீழே உட்கார்ந்திருந்த மேனேஜர் கத்தினார்: "சுடுய்யா, போறான் பாரு, சுட்டுத் தொலைய்யா."

விசாரணை

திருடனுக்கு நான் வழி விட்டேன் என்று மேனேஜர் புகார் கொடுத்தார். உயிரைக் காப்பாற்றினவன் மேல் புகார். துப்பாக்கியை போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. லைசென்சு போய்விடும் என்று வீட்டில் உலை வைக்கவே மனசில்லை.

எஸ்.ஐ. கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு ஏன் சுடவில்லை என்று கேட்டார். "அருவா ஓங்கினான், தூக்கினேன். முதுகு காட்டினான், இறக்கிட்டேன்" என்றேன். பையில் என்ன இருந்தது என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் தலையைச் சொறிந்தார். "நாலு அடுக்கு கேரியர் சார். புளியோதரை இருந்திச்சி."

எஸ்.ஐ. துப்பாக்கியை என் பக்கம் தள்ளினார். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எடுத்துக்கோங்க பெரியவரே. புளியோதரைக்காக ஒரு கொலைக் கேஸ் எழுத எனக்கு நேரமில்ல."

இத்தனை வருஷத்தில் ஒரு தோட்டாகூட வெடிக்காத என் துப்பாக்கியால் அந்தத் திருடனும் உயிரோடு இருக்கிறான், மேனேஜரும் உயிரோடு இருக்கிறார். இரண்டாவதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.