நெற்றியில் எழுதாத நேரம்

கல்குவாரிக்கு மேனேஜர் ஆவதற்குக் கல்லைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, அடிபட்டவனுக்குக் கட்டுப் போடவும் தெரிய வேண்டும்; அந்தக் கட்டைச் சொல்லித் தருவதுதான் என் பிழைப்பு.

மேனேஜர் பரீட்சைக்கு விண்ணப்பம் போடும்போது முதலுதவிச் சான்றிதழையும் கூடவே வைக்க வேண்டும். அதனால் சுரங்கச் சட்டம், வெடிமருந்து, பாறையின் குணம் என்று பெரிய பெரிய பாடமெல்லாம் படிக்க அம்பத்தூரில் எங்கள் பயிற்சி மையத்துக்கு வருகிறவர்கள், வேண்டாவெறுப்பாக என்னிடமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்காருவார்கள். முதல் ஞாயிறு வாய்ப்பாடம், இரண்டாம் ஞாயிறு செய்முறை. நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தவள். நசுங்கிய விரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குவாரிக்குள் மட்டும் ஒரு நாள்கூட இறங்கியதில்லை.

டுடோரியல் வாத்தியார்களே, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களே, வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சக பாவிகளே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். பாடம் வேண்டாம், டிக் மட்டும் போதும் என்று வருகிறவர்களிடம் நாம் படும் பாடு மற்றவர்களுக்குப் புரியாது.

படுக்க ஆளில்லை

செய்முறை வகுப்பென்றால் அடிபட்டவராக நடிக்க ஒருவர் வேண்டும். ஸ்ட்ரெச்சரைத் தரையில் விரித்து, "யாராவது வந்து படுங்க" என்பேன். வெடிச் சத்தத்துக்கே இமைக்காத பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். குவாரிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை: விளையாட்டுக்குக்கூட அடிபட்டவனாகப் படுக்கக் கூடாது, படுத்தவனைக் கல் தேடிக்கொண்டு வரும். சரி, நானே படுக்கிறேன் என்றால், நான் பொம்பிளை, தொட்டுக் கட்ட மாட்டார்கள்.

கடைசியில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்தான் எங்கள் நிரந்தர நோயாளி. தலைக்கட்டும் தோள்கட்டும் கேனுக்கு. கால் முறிவு என்றால் நாற்காலியின் கால். ஒருமுறை எரிச்சலில் திருநின்றவூர்க்காரர் ஒருவரைக் கைகாட்டி, "நீங்க மேனேஜர் ஆகப் போறவர், இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாளைக்குக் காலைல நான் குழியில எறங்கணும் மேடம், இன்னைக்கே என்னைப் படுக்க வெச்சிடாதீங்க."

பிரம்மன் வேலை

இரண்டாம் ஞாயிற்றின் முக்கியமான பாடம் ரத்தப்போக்கு. நான் தொண்டை கிழியச் சொல்வது இதுதான்: ரத்தம் கொட்டினால் உடனே கயிற்றைத் தேடாதே. துணியை வைத்து அழுத்து, கையை எடுக்காதே. பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நிற்கவே இல்லை, உயிர் போகிறது என்றால் மட்டும் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டு. கட்டின அந்த நிமிஷமே மணியைப் பார்த்து அடிபட்டவன் நெற்றியில் எழுது. இறுக்கிய கட்டு நேரம் போகப் போக, கீழே இருக்கிற காலையே கொன்றுவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே எத்தனை மணிக்குக் கட்டினீர்கள் என்பதுதான்.

சொல்லிவிட்டு, கேனின் நெற்றி என்று நானே முடிவு செய்த இடத்தில் பேனாவால் பத்து நாற்பது என்று எழுதிக் காட்டினேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. எல்லோரையும் விட அதிகம் சிரித்தவள் நான்தான்.

"நெத்தியில எழுதுறது பிரம்மன் வேலை மேடம், அத்தப் போய் எங்களைப் பால்பாயிண்ட் பேனாவுல எழுதச் சொல்றீங்களே."

பேர் வந்தால் போதும்

ஒரு நாள் ஆபீஸ் போனை நான் எடுக்கும்படி ஆயிற்று. ஒரு குவாரி ஓனர். எங்கள் மையத்தில் படித்துப் பாஸான மேனேஜர் யாராவது கிடைப்பார்களா என்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். நாலைந்து பேர் பெயரைச் சொல்லி, இவர் நல்ல வேலைக்காரர், அவர் வெடி விஷயத்தில் கெட்டிக்காரர் என்று கல்யாணத் தரகர் மாதிரி அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவருக்கு வேண்டியது சான்றிதழ். குவாரியை மச்சினன் பார்த்துக்கொள்கிறானாம், மேனேஜர் இன்னார் என்று காட்ட ஒரு பெயர் இருந்தால் போதுமாம். எனக்கு வந்ததே கோபம். ஆள் நிற்காத இடத்தில் பேர் நின்றால் கல் விழும்போது யார் குரல் கொடுப்பார்கள் என்று நன்றாகவே கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"ஆளு அவரு ஊட்லயே இருக்கட்டும்மா, பேரு மட்டும் வந்து எங்க போர்டுல குந்திக்கட்டும்."

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

எங்கள் மாணவர் ஒருவருக்கு ஆவடியில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எதையும் அளந்து பார்த்துப் பழகின மனுஷர். மாப்பிள்ளை மேனேஜருக்குப் படிக்கிறார் என்று தரகர் சொன்னதை அவர் நம்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாம் ஞாயிறு பார்த்து வந்து வாசலில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை தரையில் மண்டி போட்டு, கேனின் கழுத்தில் முக்கோணத் துணியைச் சுற்றி, "பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அதற்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுத்தவளே நான்தான். பெரியவர் ஐந்து நிமிஷம் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருந்தால் அமைந்திருக்குமோ என்று எனக்கு இன்றுவரை உறுத்தல்.

"மேனேஜருன்னுல்லா சொன்னாங்க, இவரு தண்ணி கேனுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருக்காரே!"

ஒரு டிக்

தணிகாசலத்துக்குக் கோவில்பதாகையில் வீடு. டிப்ளமோ முடித்துவிட்டு, திருவள்ளூருக்கு அப்பால் ஒரு குவாரியில் பதினாறு வருஷம் குழிக்குள்ளேயே நின்றவர், அப்போது ஃபோர்மேன். என்னை மேடம் என்று கூப்பிடாமல் சிஸ்டர் என்று கூப்பிட்ட ஒரே ஆள். நர்ஸாக இருந்த காலத்துப் பெயர் அது, கேட்கவே நன்றாக இருந்தது. முதல் ஞாயிறு முன் வரிசையில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதினார். இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் போன் வந்தது. ஓனர் ஞாயிற்றுக்கிழமை வெடி வைக்கிறாராம். "நான் இல்லைன்னா ஆளுங்களைத் தூரமா நிக்க வெக்க அங்க யாரும் கெடையாது சிஸ்டர்" என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. பேரை மட்டும் போர்டில் வைத்துக்கொள்கிற மேனேஜர்கள் இருக்கிற ஊரில், லீவு கேட்கக்கூட மனசு வராத ஆள் இவர். கல்லோடு பதினாறு வருஷம் இருந்தவருக்குத் தண்ணீர்க் கேனை வைத்து நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்தேன். ஞாயிறு மாலை பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே டிக் போட்டேன். அடுத்த வாரம் டாக்டர் வந்து நடத்திய தேர்வில் அவருக்குக் கிடைத்த கேள்விகள் எல்லாமே முதல் ஞாயிற்றுப் பாடம். பாஸ்.

பேர் மட்டும் கேட்ட அந்த ஓனரைப் போனில் அவ்வளவு பேசினேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? ஆள் வராமல் பேர் மட்டும் வந்து என் பதிவேட்டில் உட்கார்ந்தது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்த நிறைவோடு ரயிலேறி வீட்டுக்குப் போனேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவரும் போனில் நிறைவாகத்தான் பேசினார்.

"ரொம்ப தேங்ஸ் சிஸ்டர், நான் கீற வரைக்கும் எங்க குவாரில கட்டுப் போடுற வேலையே வராது பாருங்க."

டாக்டர் கேட்ட கேள்வி

தணிகாசலம் மேனேஜர் பரீட்சையும் பாஸ் செய்தார். பூந்தமல்லியில் வாங்கிய மைசூர்பாகோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அதே குவாரியில் மேனேஜரானார், அதே குழியில் அதே இடத்தில் நின்றார். சொன்ன வார்த்தையை ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் போன் வந்தது. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். பாறையில் துளை போடும் முருகேசன் காலில் கல் சரிந்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே ஒரே ரத்தம். தணிகாசலம்தான் முதலில் ஓடியிருக்கிறார். கையில் கிடைத்த நைலான் கயிற்றால் தொடையில் இறுக்கிக் கட்டி, லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் ரயில்வே கேட், டிராபிக், முதலில் போன ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளவில்லை, அடுத்தது. கயிறு அவிழக் கூடாதே என்று நடுவில் இரண்டு தடவை இன்னும் இறுக்கினாராம். அதை ஏதோ சாமர்த்தியமாகச் செய்த மாதிரி சொன்னார். அழுத்திப் பிடித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சோற்றில் வைத்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. பிறகு அவரே கேட்டார்.

"எத்தினி மணிக்குக் கட்டுனீங்கன்னு டாக்டர் கேட்டுகினே கீறாரு சிஸ்டர், அது இன்னாத்துக்கு?"

மறுபடியும் இரண்டாம் ஞாயிறு

முருகேசனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தக் கால் எப்படியும் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். நர்ஸாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் தெரியாது என்பதுதான் என் தண்டனை. தணிகாசலத்துக்குப் பலமுறை போன் செய்ய நினைத்து, நம்பரைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

ஏழெட்டு மாசம் கழித்து ஒரு இரண்டாம் ஞாயிறு. ஸ்ட்ரெச்சரை விரிக்கும்போது வாசலில் தணிகாசலம் நின்றார், பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவர். நூம்பல் வீட்டிலிருந்து முருகேசனைப் பைக்கில் உட்கார வைத்து அழைத்து வந்திருந்தார். முருகேசனுக்கு இப்போது அதே குவாரியில் கேட் வேலையாம். "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்னு நெனைக்காதீங்க சிஸ்டர், அன்னைக்கு விட்ட கிளாஸை இன்னைக்கு உக்காந்துக்கறேன்" என்றார் தணிகாசலம். தப்பு என்னுடையது, நான் அந்த டிக்கைப் போட்டிருக்கக் கூடாது என்று முருகேசன் முன்னாலேயே சொன்னேன். அழுகை வந்துவிட்டது, வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "போட்டது நீங்க, கேட்டது நானு, ஆளுக்குப் பாதி" என்றார் தணிகாசலம்.

வழக்கம்போல யாராவது படுங்கள் என்றேன். வழக்கம்போல எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நான் கேனை எடுக்கப் போனேன். அதற்குள் முருகேசன் ஊன்றுகோலைச் சாத்தி வைத்துவிட்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்தார். "நான் படுக்கறேன் மேடம், எனக்கு வர வேண்டியது வந்துட்ச்சு" என்றார். இருந்த வலது காலை நீட்டினார்.

தணிகாசலம் மண்டி போட்டார். முதலில் துணியை வைத்து அழுத்தினார். நான் போதும் என்ற பிறகும் கையை எடுக்கவில்லை. பிறகு அகலத் துணியை முழங்காலுக்கு மேலே கட்டினார். பேனாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், முருகேசனின் முகத்தைப் பார்த்தார், அதற்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முருகேசன்தான் நெற்றியில் விழுந்த முடியைக் கையால் ஒதுக்கிக் காட்டினார்.

"பெர்சா எழுதுண்ணா, டாக்டருக்கு நல்லாத் தெரியணும்."

அதற்கப்புறம் யார் என்ன காரணம் சொன்னாலும் நான் டிக் போடுவதில்லை. கல்நெஞ்சக்காரி என்று வகுப்பில் எனக்குப் பேர், கல்லோடு பழகுகிறவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.