கவுன்சில் மேசையில் நிறைகுடம்

லண்டனுக்கு வந்த முதல் டிசம்பரில், கவுன்சில் நூலகத்தின் வாசலில் குழந்தை யேசுவைக் கண்டு அப்படியே விறைத்து நின்றேன். வைக்கோல், மாடு, மூன்று அரசர்கள், மேலே மின்னுகிற நட்சத்திரம். தேவாலயத்தில் வைத்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? இது சனங்களின் வரிப்பணத்தில் நடக்கிற நூலகம். புத்தகம் திருப்பிக் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்திலேயே தொழுவம் போட்டிருந்தார்கள்.

"அட கோதாரி, இவையளை ஒருத்தரும் கேக்கிறேல்லையோ?" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

என் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ப்ளீஸ். திஸ் இஸ் நொட் பிரான்ஸ்."

நான் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. பாரிஸுக்கு வெளியே ஒரு நகரசபைப் பாலர் பள்ளியில் பல வருடம் வேலை செய்தவள் நான். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது, மூக்குத் துடைப்பது, மதியம் படுக்க வைப்பது. சேர்ந்த முதல் நாளே தலைமையாசிரியை என் நெற்றியைப் பார்த்துவிட்டு, பொட்டை எடுத்துவிட்டு வரச் சொன்னா. "இங்கே மதம் வாசலோடு நிற்கும், மடாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது மதமில்லை, நான் கலியாணம் கட்டினவள் என்பதற்கு அடையாளம் என்று, தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சண்டை பிடித்தேன். "அப்படியென்றால் மோதிரம் போடுங்கள்," என்றா அவ. சட்டம் அவவின் பக்கம். அதற்குப் பிறகு தினமும் காலையில் வாசலில் நின்று ஒட்டுப்பொட்டை உரித்துக் கைப்பையின் உள்ளே ஒட்டி வைப்பேன். பின்னேரம் அதே வாசலில் எடுத்து நெற்றியில் ஒட்டுவேன். வீட்டில் இவருக்கு இது பெரிய பகிடி. "காலமை என்னைச் சாக்காட்டிப்போட்டுப் போறாள். பின்னேரம் உயிர் தந்து கூட்டிக்கொண்டு வாறாள்," என்று வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் விசரி மாதிரிச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு மாரிக்காலத்தில், இருந்தாற்போல் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று பள்ளி வாசலில் பொட்டை உரிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. தலைமையாசிரியை என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னா. பிறகு நெற்றியைப் பார்த்துச் சிரித்தா. "நன்றி, மடாம். கடைசியில் நீங்கள் விளங்கிக்கொண்டீர்கள்."

அவர் செத்தது அவவுக்குத் தெரியும். பொட்டைப் பற்றி நான் அன்று சொன்னதுதான் மறந்துபோயிருந்தது. எனக்குப் பதிலாக ஒரு சின்னப் பிள்ளை அவவுக்கு "போன்ஜூர்" சொல்லியது.

அதன் பிறகு அந்த ஊரில் இருக்க மனம் வரவில்லை. தம்பி செவன் கிங்ஸில் இருந்ததால் மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள் என் விதியை, எந்த நூலக வாசலில் நின்று கோதாரி என்றேனோ அங்கேயேதான் வேலையும் கிடைத்தது.

நூலகப் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்கார அம்மா. தங்கமான மனுசி. தான் இடித்த கதிரையிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். தீபாவளி நெருங்கியபோது என்னிடம் வந்து, வாசலில் ஒரு மேசை அலங்கரிப்போம், நீங்கள்தான் விளக்கேற்றித் தொடங்கவேண்டும் என்றா. நான் குரலைத் தாழ்த்தி, இது சட்டப்படி சரியா என்று கேட்டேன். அவ விழுந்து விழுந்து சிரித்தா. "எங்கள் நாட்டில் அரசரே தேவாலயத்துக்குத் தலைவர். நாடாளுமன்றத்தில் பிஷப்மார் இருக்கிறார்கள். உங்கள் ஒரு விளக்கா பிரச்சினை?"

சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால் அழுகையும் வந்தது. ஏனென்றால் அவர் போன பிறகு என்னை யாருமே விளக்குக் கொளுத்தக் கேட்டதில்லை. தம்பியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில் ஆராத்தி எடுக்க ஊரில் இல்லாத ஆட்களையெல்லாம் கூப்பிட்டார்கள். சொந்த மாமி நான் குசினியில் பலகாரம் அடுக்கிக்கொண்டு நின்றேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. எனக்கே என் இடம் தெரியும் என்று நினைத்தார்கள். இப்போது ஒரு வெள்ளைக்காரி கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்கென்றே ஒரு மாம்பழக்கலர்ச் சேலை வாங்கினேன்.

அன்றைக்குக் குட்மேய்ஸிலிருந்து தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் வந்து மேசையை அலங்கரித்தார்கள். வாழையிலை விரித்து, பச்சையரிசி பரப்பி, நடுவில் பித்தளைச் செம்பு, மாவிலை, தேங்காய். எங்களுக்கு நிறைகுடம் இல்லாமல் ஒரு நல்ல காரியம் தொடங்காது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நெருப்பு வைத்தால் அலாரம் அடிக்கும் என்று ஒரே சுவிச்சில் இரண்டும் எரிகிற பற்றரி விளக்காக டூட்டிங் கடையில் வாங்கி வந்திருந்தார்கள். பிள்ளைகள், தாய்மார், பேப்பர் படிக்க வந்த கிழவர்கள் என்று நல்ல கூட்டம். என் மகளும் வந்திருந்தாள்.

பொறுப்பாளர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. நான் முன்னால் போனேன். சங்கத்துக்குத் தலைவியான அக்கா என் நெற்றியைத்தான் முதலில் பார்த்தா. பிறகு என் முழங்கையைத் தொட்டு, காதுக்குள் மெதுவாகச் சொன்னா:

"குறை நினையாதையும் பிள்ளை. நல்ல நாள். விளக்கை ஒரு சுமங்கலி கொளுத்தட்டும். சனம் பிறகு முழுவியளம் சரியில்லை, சகுனப் பிழை எண்டு கதைக்கும்."

"பற்றரி விளக்குக்குமோ அக்கா?"

"விளக்கு விளக்குத்தானே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் சனத்திடம் நான் பார்க்காததா? அது வலித்தது, ஆனால் புதிதில்லை. என்னை உலுக்கிப்போட்டது அடுத்து நடந்ததுதான். என்ன பிரச்சினை என்று பொறுப்பாளர் கேட்க, அக்கா நல்ல ஆங்கிலத்தில், "மதக் காரணம். அவர் விதவை," என்றா.

அந்தத் தங்கமான மனுசி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முகம் சிவந்து, கையை நெஞ்சில் வைத்து, "ஓ, மன்னிக்கவேண்டும். உங்கள் மதத்தை நாங்கள் முழுமையாக மதிக்கிறோம்," என்று சொல்லி, சுவிச்சை அக்காவின் பக்கம் நகர்த்தினா.

என்னை ஒரு சொல் கேட்கவில்லை! பிரான்சில் ஒருத்தி மதம் வேண்டாம் என்று என் பொட்டை எடுத்தா. இங்கே ஒருத்தி மதத்தை மதிக்கிறேன் என்று விளக்கை எடுக்கிறா. இரண்டுமே என் நெற்றியில்தானா வந்து விடியவேண்டும்? அத்தனை வருடம் நான் சபித்த அந்தப் பிரெஞ்சு மனுசியின் வசனம், சத்தியமாக, என் வாயிலிருந்தே வந்தது.

"அக்கா, இது கோயில் இல்லை. கவுன்சிலின்ர மேசை. உங்கட மதத்தை வாசலோட விட்டுட்டு வாங்கோ."

சொல்லிவிட்டு சுவிச்சை அமத்தினேன். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. ஒன்றும் தெரியாத பிள்ளைகள் கை தட்டினார்கள். என் மகள்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். அக்கா தேங்காயை எடுத்துப் பையில் வைத்தா, செம்பை எடுத்தா, மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. வாழையிலையில் அரிசி மட்டும் கிடந்தது.

பின்னேரம் ஆட்கள் போன பிறகு பொறுப்பாளர் தயங்கித் தயங்கி வந்தா. தான் பிழை விட்டுவிட்டேனா என்று கேட்டா. "அவர் சொன்னதா, நீங்கள் செய்ததா, எது உங்கள் மதம்?"

"இரண்டும்தான்," என்றேன். "நீங்கள் என்னைக் கேட்டிருக்கவேண்டும்."

அவ மன்னிப்புக் கேட்டா. கதிரையிடம் கேட்கிற மன்னிப்பில்லை, உண்மையானது. பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவு பூட்ட மறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனா.

நூலகம் மூடும்போது எல்லா லைற்றையும் நூர்ப்பது என் வேலை. ஒவ்வொன்றாக நூர்த்து இருட்டாக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, கடைசியாக அந்த இரண்டு பற்றரி விளக்கையும் நூர்த்தேன். அதைச் செய்ய மட்டும் யாரும் ஒரு சுமங்கலியைத் தேடவில்லை.