பல் கட்டிக்கொண்ட கிட்டார்

பல்லக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கும் பல்லக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல் செட் செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவர். அங்கே எல்லோருக்கும் அக்கா. பல்லையும் அக்காவையும் ஒட்டவைத்தால் பல்லக்கா, அவ்வளவுதான். அந்த வட்டாரத்துக் கிழவர்களில் பாதிப் பேர் அவர் செய்த பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் அவர் செய்த பல்லை வைத்துக்கொண்டே அவரைத் திட்டுகிறார்கள்.

வயது நாற்பத்தெட்டு. மகள் வெளியூரில் படிக்கிறாள். கணவர் தண்ணீர் வாரியத்தில் கிளார்க். ஆகவே, குழாய் ஒழுகி அவர்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவர் ஊறிப்போனபோது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பரம திருப்தி.

பிளம்பர் வந்தார். கட்டிலை இழுத்துப் போட்டார். அடியில் ஓர் ஆள் நீளத்துக்குக் கறுப்புப் பெட்டி கிடந்தது.

"என்னக்கா, உள்ள பொணம் கிணம் வச்சிருக்கீங்களா?"

"பழைய கட்டிலோட காலு" என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். நம்பியதைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"இல்லைங்க. அது என் பேஸ் கிட்டார்" என்றார் பல்லக்கா.

கணவர் பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், துணைக்குப் பிளம்பரையும் பார்த்தார். "உனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."

அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. இருபதுகளில் பல்லக்கா நான்கு பேர் சேர்ந்த ஒரு குழுவில் பேஸ் வாசித்தார். பாட்டுக்கு அடியில் தொம் தொம் என்று உறுமிக்கொண்டே ஓடுமே, அந்த வாத்தியம். பாடகனுக்குக் கைதட்டல், டிரம்ஸ்காரனுக்கு விசில், கீபோர்டுக்காரனுக்குக் காதல் கடிதம். பேஸ்காரிக்கு மட்டும், "நீங்க எந்த வாத்தியத்துக்கு?" என்ற கேள்வி. அதுகூடப் பரவாயில்லை. ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் இரண்டு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க வாசித்துவிட்டு, எல்லாவற்றையும் மூட்டை கட்டும்போதுதான் பார்த்தார்: கிட்டாரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர் எப்போதோ கழன்று தரையில் கிடந்தது. மேடை இரைச்சலில் அவர் காதுக்கே தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. போதாக்குறைக்கு அந்தக் கம்பெனி மேனேஜர் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "இன்னைக்கு உங்க கிட்டார்தான் டாப்" என்றார்.

வேலை அதிகம் என்று குழுவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடியவர்தான். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது பெட்டியைத் திறந்தால் எலிப் புழுக்கையும் பூஞ்சை வாடையும். கிட்டாரின் கழுத்து லேசாக வளைந்திருந்தது. நாலு தடிக் கம்பியும் கறுத்துப் போயிருந்தன. கழுத்தின் உச்சியில் கம்பிகள் ஏறி உட்காரும் கட்டைவிரல் நீளப் பட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. பல்லக்கா அதை ஒரு வாயைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். குனிந்து, டார்ச் அடித்து, ஈறு வரைக்கும்.

மறுநாள் பட்டறையில் பல் செட்டுக்கான பொடியையும் திரவத்தையும் குழைத்து ஒரு புதுப் பட்டை வார்த்தார். வெள்ளைப் பொடி தீர்ந்துவிட்டிருந்ததால் ஈறு நிற ரோஸ். பல் செட்டைச் செதுக்கும் ஊசியால் நாலு பள்ளம் கீறி, சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா இது?"

"ஒரு பழைய பேஷன்ட் சார். மேல் வரிசை மொத்தமும் போச்சு."

"வாய் என்ன இப்படி நேரா இருக்கு?"

"இருபத்திரண்டு வருஷமா தொறக்கவே இல்ல சார்."

முதலாளி, "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்.

கம்பிகளைப் புதிதாக வாங்கலாம்தான். ஆனால் கொதிக்கவைத்தால் பழைய கம்பிக்கு உயிர் வரும் என்பது அந்தக் காலத்திலேயே அவருக்குத் தெரிந்த வித்தை. சாயங்காலம் கணவர் அடுப்படிக்கு வந்தபோது பால் காய்ச்சும் பாத்திரத்தில் நாலு கம்பிகள் சுருண்டு கொதித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் சேற்று நிறம்.

"இது என்ன?"

"கம்பி."

"தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

"அழுக்கு போகத்தான்."

கணவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "நாம வெளிய சாப்பிட்டுக்கலாமா?" என்றார்.

டிவியைத் தாங்கிக்கொண்டிருந்த, பூப்போட்ட துணி போர்த்திய மேசை உண்மையில் மேசையே அல்ல, ஸ்பீக்கர் என்பதும் அந்த வாரத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. வீட்டில் இன்னும் என்னென்ன மாறுவேடத்தில் இருக்கிறதோ என்று ஃபிரிட்ஜைக்கூடச் சந்தேகமாகத் தட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பல்லக்கா வாசித்தார். விரல்கள் மரத்திருந்தன. அஞ்சாவது நிமிடமே கொப்புளம் வந்துவிட்டது. பத்தாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். கோர்ட்டில் முப்பது வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர்.

"என்னம்மா நடக்குது மேல? ஷோகேஸ்ல இருக்கிற கண்ணாடி டம்ளரெல்லாம் நடுங்குது."

"கேட்டுச்சா?" என்றார் பல்லக்கா. முகம் முழுக்க வெளிச்சம்.

சண்டைக்கென்று மூன்று வாக்கியம் தயார்செய்து கொண்டுவந்திருந்த டைப்பிஸ்டுக்கு முதலாவதே மறந்துபோனது. "கேட்டுச்சாவா? தரையே அதிருதும்மா."

"சார், ஒரே சீரா வந்துச்சா? நெஜத்தைச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். முப்பது வருடம் டைப்ரைட்டரின் தாளத்திலேயே வாழ்ந்த மனிதர். பொய் சொல்ல வரவில்லை. "மொதல்ல நல்லாத்தான் வந்துச்சு. நடுவுல ரெண்டு எடத்துல முந்திக்கிட்டீங்க."

பல்லக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. புகார் சொல்ல வந்த இடத்தில் ஒரு பெண்மணியை அழவைத்துவிட்டோமே என்று டைப்பிஸ்ட் பதறி, "பரவால்ல, பரவால்ல, டம்ளரை எடுத்துக் கீழ வச்சிடறேன்" என்று படியிறங்கி ஓடினார்.

அன்று மதியமே பல்லக்கா பழைய டிரம்ஸ்காரரைத் தேடிப் பிடித்து போன் போட்டார். அவர் இப்போது மெத்தைக் கடை வைத்திருந்தார். நலம் விசாரித்து முடிந்ததும், இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாத வயர் கதையைச் சொன்னார்.

"அடிப்பாவி! வயரா கழண்டுச்சு?" என்றார் டிரம்ஸ்காரர். "நீ பாடகன் மேல இருக்கிற கோவத்துல வேணும்னே சவுண்டைக் கொறச்சிட்டேன்னு நெனச்சேன். உன் சத்தம் இல்லாம நான் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும். உன் தொம் தொம்முக்கும் சேத்து ரெண்டு மணி நேரம் பெரிய டிரம்மைக் காலால மிதிச்சு மிதிச்சு முட்டியே போச்சு. அந்தக் கடுப்புலதான் நான் உனக்குப் போனே பண்ணல."

"உனக்குத் தெரிஞ்சுதா? நான் இல்லன்னு?"

"மாடிப்படியில ஒரு படி இல்லன்னா காலுக்குத் தெரியாதா? லூசு."

பல்லக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு நாலு கெட்ட வார்த்தைகளைச் சந்தோஷமாகச் சொன்னார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் கடை அடைத்தபின் மெத்தைக் கடையில்தான் கச்சேரி. சுற்றிலும் பஞ்சும் ஃபோமும் அடுக்கியிருப்பதால் சத்தம் தெருவுக்குப் போவதில்லை. பாடகனை இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடுவதாகவும் இல்லை. கீழ்வீட்டு டைப்பிஸ்ட் தாளம் கவனிக்கிறேன் என்று கூடவே வருவார். விற்பனைக்கு வைத்த மெத்தை ஒன்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "முந்துறீங்க, முந்துறீங்க" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். மூன்றாவது வாரம் அங்கேயே குறட்டை விட்டுத் தூங்கி, நாலாவது வாரம் அந்த மெத்தையையே வாங்கிவிட்டார். வாத்தியம் வாசித்துத் தன் வியாபாரம் பெருகியது இதுதான் முதல் தடவை என்கிறார் டிரம்ஸ்காரர்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் பெட்டியைத் தூக்கி வருவது கணவர். வழி நெடுக, "என்ன கனம், என்ன கனம்" என்று முனகுவார். பல்லக்கா கை நீட்டினால் மட்டும் கொடுக்கமாட்டார்.